எக்ஸ் கொடி ஏறவில்லை, ஆனாலும் தகுதிநீக்கம்: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி (செம்பூர், மும்பை)

வணக்கம். மும்பைத் துறைமுகப் பகுதியில் ஆப்டிமிஸ்ட் என்னும் சிறுவர் பாய்மரப் படகை ஓட்டும் என் மகள், சென்ற ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரேஸை நல்ல இடத்தில் முடித்தாள். மாலையில் ஒட்டப்பட்ட முடிவுப் பட்டியலிலோ அவள் பெயருக்கு நேராக ‘யூ.எஃப்.டி.’ என்று இருந்தது. தொடக்கக் கோட்டை முன்கூட்டியே தாண்டிய படகைத் திரும்ப அழைக்க, வெள்ளைத் துணியில் நீலச் சிலுவை கொண்ட எக்ஸ் கொடியை ஏற்றி ஒரு முறை ஹாரன் அடிப்பார்கள் என்றுதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அன்று அந்தக் கொடி ஏறவே இல்லை என்று அவளும் உடன் ஓட்டிய பிள்ளைகளும் உறுதியாகச் சொல்கிறார்கள். அழைத்திருந்தால் அவள் கட்டாயம் திரும்பியிருப்பாள். அழைக்காமலே தகுதிநீக்கம் செய்வது முறைதானா? முறையிட வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. இதற்குப் பதில் சொல்லுமுன் ஒன்று தெரிய வேண்டும்: தொடக்கத்திற்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, ரேஸை நடத்தும் கமிட்டியின் படகில் எந்தக் கொடி ஏறியது? ஐந்து நிமிடம் இருக்கும்போது, படகு வகையைக் குறிக்கும் வகுப்புக் கொடி ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஒரு நீண்ட ஒலியோடு இறங்கும். வகுப்புக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். ஆயத்தக் கொடி எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நீலத்தின் நடுவில் வெள்ளைச் சதுரம் கொண்ட பி கொடி என்றால் கடைசி நிமிடத்திற்குத் தனித் தண்டனை எதுவும் இல்லை. வேறு கொடி என்றால் கதையே வேறு.

கேள்வி கேட்டவர்

மகளிடம் கேட்டேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி ஏறியதாகச் சொல்கிறாள். காற்று குறைவாக இருந்ததால் துணி விரியாமல் தொங்கிக்கொண்டிருந்ததாம். ரேஸைத் தள்ளிவைக்கும் கொடியோ என்று முதலில் நினைத்தாளாம். ஆனால் ஒரே ஒரு ஹாரன்தான் ஒலித்தது, மற்ற படகுகளும் கோட்டருகே சுற்றிக்கொண்டே இருந்தன என்பதால் அவளும் தொடர்ந்திருக்கிறாள்.

மறுமொழி 2

அப்படியானால் அது யூ கொடிதான்; அதனால் வரும் தகுதிநீக்கத்தின் குறியீடே யூ.எஃப்.டி. சிவப்பும் வெள்ளையும் நான்கு கட்டங்களாக அமைந்தது அது. தள்ளிவைக்கும் ஏ.பி. கொடியிலும் அதே இரண்டு நிறங்கள்தான், ஆனால் அவை நெடுக்குப் பட்டைகளாக இருக்கும், கொடியும் நுனியை நோக்கிக் குறுகிச் செல்லும்; அது ஏறும்போது இரண்டு ஒலி கேட்கும். உங்கள் மகள் ஒலியை எண்ணிப் பார்த்து முடிவு செய்தது பாராட்டத்தக்கது. ஆனாலும் ஒலியை மட்டும் நம்பிவிடக் கூடாது. நேரக் கணக்கு கொடியை வைத்துத்தான். ஹாரன் ஒலிக்காமல் போனாலும் சைகை செல்லும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யூ கொடி ஏறிய தொடக்கத்தில் எக்ஸ் கொடிக்கு வேலையே இல்லை. கோட்டின் இரு முனைகளும் முதல் மிதவையும் சேர்ந்து உருவாகும் முக்கோணத்திற்குள், கடைசி ஒரு நிமிடத்தில், படகின் உடற்பகுதி எவ்வளவு சிறிதளவு நுழைந்தாலும் விசாரணையின்றித் தகுதிநீக்கம்தான். திரும்பி வந்து சரிசெய்துகொள்ளும் வாய்ப்பு இல்லாததால் அழைப்பும் இல்லை. மஞ்சளில் கறுப்பு வட்டம் கொண்ட ஐ கொடியாக இருந்திருந்தால், கோட்டின் ஒரு முனையைச் சுற்றித் திரும்பி வந்து மீண்டும் தொடங்கியிருக்கலாம். அதற்கு எக்ஸ் கொடியும் ஏறும். பிள்ளைகளுக்கு எக்ஸை மட்டும் சொல்லிக்கொடுத்து யூவைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். 2017ஆம் ஆண்டு விதிப்புத்தகத்திலேயே யூ கொடி இடம்பெற்றுவிட்டது. ஆப்டிமிஸ்ட் போன்ற நெரிசலான வகுப்புகளில் அதைத் தவிர்க்கவும் முடியாது.

முறையீட்டைப் பொறுத்தவரை, ‘எக்ஸ் ஏறவில்லை’ என்பது காரணமாக நிற்காது. பாய் எண்ணைக் கமிட்டி தவறாகப் படித்துவிட்டது என்று ஐயம் இருந்தால் மட்டும் கேளுங்கள். ஆரஞ்சுக் கொடி நிற்கும் கம்பத்தின் அருகிலிருந்து ஒருவர் கோட்டின் நேராகப் பார்த்து, தாண்டிய படகுகளின் எண்களை ஒவ்வொன்றாகக் குரல் பதிவு செய்வது வழக்கம். அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் பாய்களில் ஓர் இலக்கம் மாறிப்போவது உண்மையாகவே நடக்கக்கூடியது. அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் போட்டிக்கான அறிவுறுத்தல் தாளை இன்றே பாருங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னது முழுவதும் சரி. மும்பைக்கே உரிய ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடல்காற்று வீசும். அதே நேரத்தில் ஓதம் ஏறினால் நீரோட்டம் வடக்கு நோக்கித் துறைமுகத்திற்குள் ஓடும். கோட்டை ஒட்டி நின்று காத்திருக்கும் படகை அது ஓசையின்றி மேல்பக்கம் தள்ளிவிடும். காற்று குறையும்போது பின்வாங்கவும் இயலாது. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஏற்றத்தின்போது கோட்டிலிருந்து கூடுதலாகப் பின்தங்கி நிற்கும்படி மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நெஞ்சார்ந்த நன்றி. பாய் எண்ணைப் பற்றி விசாரித்தேன். பதிவில் அவள் எண் தெளிவாகவே இருக்கிறதாம். அதை ஏற்றுக்கொண்டோம். கடைசியாக ஒரு சந்தேகம்: யூ கொடிக்குப் பிறகு எல்லாப் படகுகளையும் திரும்ப அழைத்துவிட்டால், அவள் மறுதொடக்கத்தில் கலந்துகொள்ளலாமா?

மறுமொழி 2

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். நீல விளிம்பும் மஞ்சள் நடுப்பகுதியும் கொண்ட முக்கோணக் கொடி இரண்டு ஒலியோடு ஏறினால் அது பொது அழைப்பு; யூ கொடியால் வந்த தகுதிநீக்கம் அதோடு நீங்கிவிடும். ஆயத்தக் கொடியாகக் கறுப்புக் கொடி ஏறியிருந்தால் மட்டும் அந்தச் சலுகை கிடையாது. பொது அழைப்பு வந்தாலும் தாண்டிய படகு அந்த ரேஸில் மீண்டும் ஓடக் கூடாது. அடுத்த எச்சரிக்கைச் சைகைக்கு, அதாவது வகுப்புக் கொடி மீண்டும் ஏறுவதற்கு, முன் கமிட்டி அதன் பாய் எண்ணைப் பலகையில் காட்டும். அதையும் மீறி ஓடினால், தொடரின் மோசமான மதிப்பெண்ணாக அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே கறுப்புக் கொடிக்குப் பின் பொது அழைப்பு வந்தால், முதலில் கமிட்டிப் படகின் அருகே சென்று அந்தப் பலகையைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.