கலைச்சொல் விவாதம்: துருவமுனைப்பாடா, எதிரணிக் காழ்ப்பா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியல் பாடநூல் மொழிபெயர்ப்புக்காகச் சென்ற வாரம் இவ்விழையில் கேட்கப்பட்ட 'அஃபெக்டிவ் போலரைசேஷன்' (கட்சி அடிப்படையில் மக்கள் மனத்தால் விலகி நிற்பது) என்னும் சொல்லுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: உணர்வுசார் துருவமுனைப்பாடு, கட்சி வெறி, கட்சிச்சார்பு. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. முதலாவது, ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்த் துண்டை ஒட்டியது. மூலச்சொல் தெரிந்தவருக்கே அது விளங்கும். மற்ற இரண்டும் வேறு பொருளுக்குப் போய்விடுகின்றன.

இச்சொல்லை ஆய்வுலகில் பரப்பியது, அரசியல் அறிவியலாளர் சாந்தோ ஐயங்காரும் உடன் இருவரும் 2012இல் எழுதிய கட்டுரை. அமெரிக்கர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, எதில் பிரிந்தார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வரி, மருத்துவக் காப்பீடு, கருக்கலைப்பு போன்றவற்றில் பொதுமக்களின் கருத்துகள் எவ்வளவு தூரம் விலகியுள்ளன என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. ஆனால் ஒரு கட்சியினர் மற்றக் கட்சியினரை வெறுப்பது கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்பது தெளிவு. அக்கட்டுரையில் உள்ள ஓர் ஒப்பீடு நமக்கு எளிதில் பிடிபடும். உங்கள் பிள்ளை மாற்றுக் கட்சியைச் சேர்ந்தவரை மணந்தால் வருந்துவீர்களா என்று 1960இல் கேட்டபோது, குடியரசுக் கட்சியினரில் 5 விழுக்காட்டினரும் ஜனநாயகக் கட்சியினரில் 4 விழுக்காட்டினருமே ஆம் என்றார்கள். ஏறத்தாழ அதே கேள்விக்கு 2010இல் கிடைத்த விடை முறையே 49, 33 விழுக்காடு. வரிக்கொள்கையில் ஒருவரோடு மாறுபட்டால் வாதாடலாம், மாற்றி வாக்களிக்கலாம். கொண்டான் கொடுத்தான் உறவே வேண்டாம் என்பது வேறு சங்கதி. நாம் பெயர் தேடுவது அந்த இரண்டாவதற்குத்தான்.

முன்பின் அறியாதவர்கள் இணையத்தில் மோதிக்கொள்ளும் இடத்தில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள முதியோர் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியதைப் பற்றிய ஓர் அமெரிக்க இழையை அண்மையில் படித்துக்கொண்டிருந்தேன். முதலாமவர் தம் தாயாரின் மருந்துக்கடை ரசீதைப் பற்றி எழுதியிருந்தார். அடுத்தவர், மீதித் தொகையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். மூன்றாவது மறுமொழியிலேயே 'யூ பீப்பிள்' வந்து சேர்ந்தது. அதன்பின் நாற்பது, ஐம்பது பதிவுகள் ஓடியும் இன்சுலின் என்ற சொல் ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. ரசீதை வைத்திருந்தவரும் எப்போதோ எழுந்து போயிருந்தார்.

ஆங்கிலத்தில் ஒருவருக்கும் பலருக்கும் 'யூ' ஒன்றே போதும். ஆகவே பேச்சு தனிமனிதரை விட்டு ஒரு கூட்டத்தின் மேல் தாவும் இடம் அங்கே ஓசையில்லாமல் கடந்துபோகும். அவ்விழையைத் தமிழாக்க உட்கார்ந்தால் அந்த வசதி நமக்குக் கிடையாது. 'நீங்கள் சொல்வது சரியில்லை' என்று எழுதிக்கொண்டு வந்ததை, எந்த வரியிலிருந்து 'உங்க ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்' என்று மாற்றுவது என நாம் முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த வரியில் எதிரே இருப்பவரின் கருத்து மறைந்து, அவர் நிற்கும் அணி மட்டும் மிஞ்சுகிறது. நாம் தேடும் சொல் அந்த வரியைக் குறிக்க வேண்டும்.

இனி, 'கட்சி' ஏன் ஒத்துவரவில்லை என்பது. நம் காதில் கட்சிக்காரர் என்றால் உறுப்பினர் அட்டை, கரைவேட்டி, கொடிக்கம்பம். (வழக்கறிஞரிடம் கேட்டால் வேறு கட்சிக்காரரைச் சொல்வார்.) அமெரிக்கச் சாதாரணக் குடிமகனுக்கு அத்தகைய உறுப்பினர் முறை இல்லை. பல மாநிலங்களில் வாக்காளர் பதிவின்போது ஒரு கட்சியைக் குறிப்பிடலாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அதுவும் கிடையாது. தம்மைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்வோரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே வாக்களிக்கிறார்கள். மறுபுறம், கட்சிக்குள்ளேயே இருப்பவரைப் 'பெயரளவுக் குடியரசுக் கட்சிக்காரர்' என்று தள்ளிவைப்பதற்கு 'ரைனோ' என்ற வசைச்சொல் புழங்குகிறது. 1996இல் தொடங்கிய ஃப்ரீ ரிபப்ளிக் என்னும் வலதுசாரித் தளத்திலும், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பதவியேற்ற 2001 ஜனவரி 20ஆம் நாளன்று அதற்கு எதிர்முனையில் தொடங்கிய டெமாக்ரடிக் அண்டர்கிரவுண்டிலும் எதிர்த்தரப்பார் என்று தெரிந்தால் கணக்கையே நீக்கிவிடுவார்கள் என்பதால், அங்கே மிஞ்சும் சண்டையெல்லாம் நம்மவர் யார், நம்மவர் போல நடிப்பவர் யார் என்பதுதான். கட்சி வேறு, அணி வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வெறி என்பது தன் பக்கத்தின் மேலுள்ள மிகைப்பற்று. இங்கே பேசப்படுவதோ எதிர்ப்பக்கத்தின் மேலுள்ள கசப்பு. ஆகவே 'எதிரணிக் காழ்ப்பு' என்பதை முன்வைக்கிறேன். எதிரணி என்பது கபடித் திடலிலிருந்து கிரிக்கெட் வருணனை வரை அன்றாடம் காதில் விழும் சொல். காழ் என்பது மரத்தின் வைரம். வெளிப்புறம் காழ்ப்புடையது புல், உட்புறம் காழ்ப்புடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கும். நாள்பட்டு இறுகியது என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நாள் கோபம் காழ்ப்பாகாது. (வயிரம் என்ற சொல்லுக்கும் மரத்தின் உள்ளீடு, தீராப்பகை என இரு பொருளும் உண்டு என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ளலாம்.)

'முகமூடிப் பகை' என்ற நான்காவது பரிந்துரை ஒன்று தனிமடலில் வந்தது. பெயர் மறைத்துக்கொள்வதால்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. டென்மார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்காவையும் டென்மார்க்கையும் வைத்து 2022இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு இடங்கொடுக்கவில்லை: இணையத்தில் கடுமையாகப் பேசுவோர் நேரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள், வரவேற்பறையில் நாலு பேர் கேட்டிருப்பதை இணையத்தில் நாலாயிரம் பேர் படிக்கிறார்கள், அவ்வளவே.

அன்புடன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

தங்கள் மடலை இருமுறை படித்தேன். 'அணி'யை ஏற்கிறேன். 'காழ்ப்பை' அப்படியே ஏற்க எனக்கு மூன்று தடைகள்.

முதலாவது அளவைப் பற்றியது. இந்தத் துறையில் வெறுப்பை அளக்க அவர்கள் கையாள்வது 'உணர்வு வெப்பமானி' என்னும் வினா. ஒரு கட்சியை 0 முதல் 100 வரையுள்ள பாகைகளில் எங்கே வைப்பீர்கள் என்று அமெரிக்க தேசியத் தேர்தல் ஆய்வில் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். 50 என்றால் விருப்புமில்லை, வெறுப்புமில்லை. ஒருவர் தம் கட்சிக்கு 70, மற்றதற்கு 45 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாங்கள் பெயர் சூட்டும் அந்த அளவு, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 25 பாகை வேறுபாடே ஆகும். அவருக்குக் காழ்ப்பு இருக்கிறது என்று எந்த மாணவரும் சொல்லமாட்டார்; ஆனால் தங்கள் சொல்லை ஏற்றால் அப்படித்தான் எழுத வேண்டிவரும். மூலச்சொல்லில் தன்னணி மேலுள்ள கனிவு, எதிரணி மேலுள்ள கசப்பு என இரு கூறும் அடங்கியுள்ளன. தாங்கள் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிட்டீர்கள்.

இரண்டாவது, துருவம் என்ற சொல்லை அடியோடு துரத்திவிட முடியாது. 2018இல் சமூகவியலாளர் கிறிஸ் பெயில் குழுவினர் செய்த ஒரு சோதனை தாங்கள் அறிந்ததாக இருக்கலாம். ட்விட்டர் பயன்படுத்தும் இரு கட்சியினருக்கும் 11 டாலர் கொடுத்து, எதிர்த்தரப்புப் பிரமுகர்களின் கருத்துகளை நாள்தோறும் மறுபதிவு செய்யும் தானியங்கிக் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். எதிர்க்கருத்தைக் கேட்டால் மனம் இளகும் என்பது எதிர்பார்ப்பு. குடியரசுக் கட்சியினரோ முன்னிலும் வலப்பக்கம் தள்ளிப் போனார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே அளக்கப்பட்டது கொள்கை நிலைப்பாடு. அதைக் காழ்ப்பு என்று பெயர்த்தால் பிழை. எனவே கருத்து விலகுவதற்கு ஒரு சொல், மனம் விலகுவதற்கு ஒரு சொல் என இரண்டும் ஒரே அடியிலிருந்து பிறந்தால் மாணவருக்கு எளிது.

மூன்றாவது, முன்பின் அறியாதவரோடு செய்யும் அரசியல் வாதமெல்லாம் 'உங்க ஆளுங்க' என்பதில்தான் முடியும் என்ற எண்ணத்தைத் தங்கள் எடுத்துக்காட்டு தருகிறது. ரெடிட் என்னும் இணைய விவாதத் தளத்தில் 2013இல் தொடங்கிய 'என் கருத்தை மாற்றுங்கள்' என்ற பொருள்படும் குழுவில், தம் எண்ணத்தை மாற்ற வைத்தவருக்கு டெல்டா குறியொன்றை வழங்குவது வழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2016இல் அக்குறிகளை வைத்தே ஆராய்ந்தார்கள். ஓரிரு முறை மாறிமாறிப் பேசுவது பயன் தருகிறது. ஐந்து சுற்றைத் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தால் டெல்டா கிடைக்கும் வாய்ப்பு அனேகமாக இல்லை என்று கண்டார்கள். தங்கள் இழையில் நாற்பது, ஐம்பது ஓடியிருக்கிறது! ஆனால் முதல் இரண்டும் வாதமே என்பதை மறக்க வேண்டாம். வாதத்தையும் காழ்ப்பையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது.

வேறு ஒரு சிறு குறிப்பு. அதே பாடநூலின் வரைவில் 'சிவப்பு மாநிலங்கள்' என்று அடிக்குறிப்பில்லாமல் வருகிறது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அங்கே சிவப்பு குடியரசுக் கட்சிக்கு நிலைத்துவிட்டது. தமிழில் சிவப்பு என்றால் படிப்பவருக்குச் செங்கொடிதான் நினைவுக்கு வரும். டெக்சாஸைப் பொதுவுடைமை மாநிலமாக்கிவிடுவார்கள். வரைவை வைத்திருப்பவர் கவனிக்கவும்.

*

ஐயா, வணக்கம்.

வெப்பமானிக் கணக்கில் நான் வழுக்கியது உண்மை. வேறுபாட்டின் பெயரை அதன் ஒரு கூற்றுக்கு மட்டும் வைத்துவிட்டேன். எனினும் அதே கணக்கை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது: தன் கட்சிக்குக் கொடுக்கும் பாகை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக ஏறவில்லை, எதிர்க்கட்சிக்குக் கொடுப்பதுதான் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. வேறுபாடு விரிந்ததற்குக் காரணம் கனிவு கூடியதன்று, கசப்பு கூடியது. ஆகவே முழுமைக்கும் ஒரு சொல்லும், வளர்ந்த கூற்றுக்குத் தனிச்சொல்லும் நமக்கு வேண்டும். ஆங்கிலத்திலும் இரண்டும் தனித்தனியாகவே வழங்குகின்றன. நான்தான் ஒன்றை மற்றதன் இடத்தில் உட்கார வைத்தேன்.

தங்கள் இரண்டாம் தடையை ஏற்று, ஒரே அடியிலிருந்து இரு சொற்களை முயன்று பார்த்தேன். துருவத்தை அடியாக வைத்தால் 'மனத்துருவம்' போன்ற விளங்காத வடிவங்களே வருகின்றன. பிளவு என்று வைத்தால் இயல்பாக அமைகிறது. கொள்கையில் விலகுவது கருத்துப்பிளவு. மதிப்பிலும் பற்றிலும் விலகுவது மனப்பிளவு. எதைக் கொண்டு பிளவு என்பதையும் காட்ட வேண்டுமாயின் 'அணிவழி மனப்பிளவு'. பெயில் குழுவினர் அளந்தது கருத்துப்பிளவு. திருமண வினா அளப்பது அணிவழி மனப்பிளவு. நான் சொன்ன இன்சுலின் இழையில் மூன்றாம் மறுமொழி முதல் பொங்கி வழிந்தது எதிரணிக் காழ்ப்பு. மூன்று எடுத்துக்காட்டும் தத்தம் சொல்லில் பொருந்தி நிற்கின்றன.

காழ்ப்பு கடுஞ்சொல் என்ற எண்ணம் தங்கள் முதல் தடைக்குள் இருக்கிறது. ஐயங்காரும் ஷான் வெஸ்ட்வுட்டும் 2015இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், உதவித்தொகைக்கான இரு மாணவர் விண்ணப்பங்களைக் கட்சிச்சார்பு தெரியும்படி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தம் அணி மாணவரையே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மாணவரின் மதிப்பெண் கூடுதலாக இருந்தபோதும் பெரும்பாலோர் மனம் மாறவில்லை. ஒரு மாணவரின் படிப்புக்கு இடையூறாகும் அளவுக்குப் போனதைக் 'கசப்பு' என்று மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாகை 45இல் நிற்பவருக்கு மனப்பிளவு என்ற சொல்லே போதும், காழ்ப்பு அவருக்குரியதன்று.

வாதத்தைக் காழ்ப்போடு கலக்க வேண்டாம் என்றதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பாடநூலில் அந்த இழையையே எடுத்துக்காட்டாகத் தருவதானால் முதல் இரு பதிவுகளையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்வேன்: ரசீது, அதன்மேல் எழுந்த கேள்வி, பிறகு 'உங்க ஆளுங்க'.

எஞ்சியிருப்பது எழுத்து வடிவம் மட்டுமே. எதிரணி மேல் கொண்ட காழ்ப்பு என விரியும் வேற்றுமைத் தொகையாதலால் இடையில் ஒற்று மிகும், அதில் ஐயமில்லை. இடம்விட்டு எழுதினால் வரியின் முடிவில் 'எதிரணிக்' என்று தனியே தொங்கும் இடங்கள் வரும். தேடுபொறியிலும் இரு சொல்லாகப் பிரிந்துவிடும். ஆகவே சொற்பட்டியலில் 'எதிரணிக்காழ்ப்பு' என்று சேர்த்தே இடலாம் என்பது என் கருத்து. 'அணிவழி மனப்பிளவு' இரு சொல்லாகவே இருக்கட்டும். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், திங்களன்று வரைவை அனுப்பிவிடுகிறேன்.