டிரைவர் மாற்றியதிலிருந்து நீலத் திரை: உதவி தேவை

நண்பர்களே, என் மகளின் மடிக்கணினி ஒரு வாரமாக நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது. விண்டோஸ் 11. கிராபிக்ஸ் டிரைவரை (திரைக் காட்சிக்கான சிப்பை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்த மறுநாள் தொடங்கிய தொல்லை இது. திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று வருகிறது. கிராபிக்ஸ் சிப் 2 விநாடிக்குள் பதில் தராமல், அதை மீட்கும் முயற்சியும் தோற்றால் வரும் பிழை. சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் நிலை) மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆகவே டிரைவர் மீதுதான் சந்தேகம். நினைவகச் சோதனையிலும் பிழை இல்லை.

பழைய டிரைவருக்குத் திரும்ப உதவும் 'ரோல் பேக்' பொத்தான் மங்கிக் கிடக்கிறது. புதியதை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை நிறுவினேன்; இணையம் வந்ததும் தானியங்கிப் புதுப்பிப்பு மறுபடி புதியதையே ஏற்றிவிட்டது! இந்த ஒரு டிரைவரை மட்டும் தடுத்துவைக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மினிடம்ப் கோப்புகள் (நீலத் திரை வரும்போது பதிவாகும் பிழை விவரங்கள்) இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன். திங்கட்கிழமை அவள் ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும்.