வடக்கு விறாந்தைச் சாடிகளில் குமிழ்கள் அழுகிவிட்டன: சித்திரைக்குள் நிழலில் எதைப் பூக்க வைக்கலாம்?

கேள்வி (உப்புவெளி, திருகோணமலை, ஜனவரி முதல் கிழமை)

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா சென்ற செப்டெம்பர் தொடக்கத்தில் ஊருக்கு வந்தபோது பதினெட்டு டியூலிப் குமிழ்களைக் கொண்டு வந்து தந்தார். அவற்றுக்குக் குளிர் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், ஆறு கிழமை குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் வைத்திருந்தேன். ஒக்டோபர் பிற்பகுதியில், முதல் மழை பெய்து வெக்கை தணிந்த கையோடு, வீட்டின் வடக்கு விறாந்தையில் வரிசையாக இருக்கும் சீமெந்துச் சாடிகளில் பதினைந்து குமிழ்களை நட்டேன். மண்ணில் கூட்டெருவும் தென்னந்தும்பும் கலந்திருந்தேன்.

ஐந்து மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு இலை விட்டு, பிறகு மஞ்சளாகிச் சாய்ந்தன. மற்றவை வெளியே வரவே இல்லை. சென்ற கிழமை தோண்டிப் பார்த்தபோது ஒரு குமிழின் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்த சதை சாம்பல் நிறக் களியாகி மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. புளித்துப்போன மாவின் மணம் வந்தது. நடாமல் விட்ட மூன்று குமிழ்கள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன.

இதோடு இன்னொரு சந்தேகமும் உண்டு. அதே விறாந்தையில் சென்ற ஆண்டு வைத்த பிகோனியாக்கள் பங்குனி வரை நன்றாகப் பூத்துவிட்டு, வைகாசியில் இலையோரம் கருகிச் செத்துப்போயின. வீட்டின் வடக்குப் பக்கத்தில் எப்போதும் நிழல்தான் என்று என்னிடமுள்ள வெளிநாட்டுத் தோட்டப் புத்தகம் சொல்கிறது. நிழலை விரும்பும் செடி நிழலில் ஏன் கருக வேண்டும்?

முழங்கால் வலியால் என் அம்மாவுக்கு முற்றத்தில் இறங்க முடிவதில்லை. காலையில் அந்த விறாந்தையில்தான் உட்கார்ந்திருப்பார். வருடப்பிறப்புக்கு அவருடைய கண்ணெதிரே அந்தச் சாடிகள் பூத்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அக்கா மீண்டும் குமிழ் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில் (ரொறன்ரோவிலிருந்து)

வணக்கம் தங்கச்சி. நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். இங்கே பல ஆண்டுகளாகச் சாடிகளில் டியூலிப் வைத்து வருகிறேன். டியூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள். பனி விழும் நீண்ட குளிர்காலத்தைக் கடந்தால்தான் அதன் தண்டு நீளவும் பூ மலரவும் முடியும். நாங்கள் ஒக்டோபரில் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டு, 9 பாகை செல்சியசுக்குக் குறைவான குளிரில் 12 முதல் 16 கிழமைகள் வரை இருக்க விட்டால், ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பூக்கும். நீங்கள் கொடுத்த ஆறு கிழமை அதில் பாதிதான்.

அழுகலுக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், மிஞ்சிய குமிழ்களில் ஒன்றை மேலிருந்து கீழாக நெடுக்காக வெட்டி, நடுவில் என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். மரக்கறித் தட்டில் வேறு என்ன இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவரின் பதில்

வெட்டிப் பார்த்தேன், அண்ணா. வெள்ளை மடல்கள் வெங்காயம் போல இறுக்கமாக, நல்ல ஈரத்தோடு இருக்கின்றன. நடுவில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் சிறு முளை ஒன்று உண்டு. அதைக் குண்டூசியால் பிரித்தபோது, உள்ளே அரிசி மணியிலும் சிறியதாக, காய்ந்த வெங்காயத் தோலைப் போலப் பழுப்பு நிறமாக ஒன்று சுருண்டு கிடந்தது, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. தட்டில் அப்பிளும் பாதி வெட்டிய பப்பாளிப்பழமும் எப்போதும் இருக்கும்.

பதில் (ரொறன்ரோவிலிருந்து)

நீங்கள் குண்டூசியால் தொட்டது பூமொட்டுத்தான். பழுக்கும் அப்பிளும் பப்பாளியும் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடும். குமிழுக்குள் இருக்கும் பிஞ்சு மொட்டு அந்த வாயு பட்டால் கருகிவிடும். வெளிமடல்கள் கெடாததால் பார்வைக்கு எதுவும் தெரியாது. ஆகவே உங்கள் குமிழ்கள் மண்ணுக்குள் போகும் முன்னரே பூக்கும் வாய்ப்பை இழந்துவிட்டன. அதன்பின் கார்த்திகை மழையில் நீர் தேங்கிய, சூடு குறையாத மண்ணில் பூஞ்சணம் பிடித்து அழுகியிருக்கின்றன.

பழமில்லாத பெட்டியில் 14 கிழமை வைத்தாலும் திருகோணமலையில் சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். குளிர் முடிந்த பிறகும் வேரும் தண்டும் வளர 15 பாகையை ஒட்டிய இதமான குளிர் வேண்டும். நம் ஊரில் தை மாத இரவுகூட அதைவிட மிகச் சூடானது. தண்டு நீளாமல் மொட்டு இலைகளுக்கு இடையிலேயே காய்ந்துவிடும்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். இலங்கைக்குள் நடுகைப் பொருட்களைக் கொண்டு வர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. குமிழோடு ஒட்டி வரும் மண்ணில் நூற்புழுவும் பூஞ்சணமும் வரக்கூடும் என்பதால் அந்தச் சட்டம் அவசியமானதுதான். அக்காவிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பதில் (நுவரெலியாவிலிருந்து)

இங்கே கொண்டுவந்து வைத்தாலும் டியூலிப் தானாகப் பூக்காது என்பதை நானும் சேர்த்துச் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி படிந்தாலும், பகலில் வெயில் ஏறிவிடுகிறது. மூன்று மாதம் விடாத குளிர் இங்கேயும் கிடையாது. சித்திரை விடுமுறைக்கு வருகிறவர்கள் பார்க்கும் நிறமெல்லாம் டாலியா, ஐதரேஞ்சியா, பிகோனியா போன்றவற்றிலிருந்து வருவது.

பதில் (உவர்மலை, திருகோணமலை)

வணக்கம் அம்மா. பிகோனியா கருகியதற்கான விடை உங்கள் விறாந்தையின் திசையிலேயே இருக்கிறது. உங்கள் புத்தகத்தை எழுதியவரின் நாட்டில் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலில் தெற்குப் பக்கமாகவே நிற்கும். அங்கே வடக்குச் சுவர் நிழலிலேயே இருக்கும். திருகோணமலையோ வட அகலாங்கு 8.6 பாகை அளவில் இருக்கிறது. ஏப்ரல் 12, 13 அளவில், அதாவது வருடப்பிறப்பை ஒட்டியே, நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை அது நமக்கு வடக்கே நிற்கிறது. நண்பகல் வெயிலைக் கூரைத் தாழ்வாரம் மறைத்துக்கொள்ளும். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் விறாந்தைக்குள் நுழைந்து சாடிகள் மேலேயே விழும். அதே மாதங்களில் கச்சான் காற்றும் வீசுகிறது. மத்திய மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிற அந்தக் காற்றும் சாய்ந்த வெயிலும் சேர்ந்தால் பிகோனியாவின் நீர் நிறைந்த இலை எப்படித் தாங்கும்? சித்திரை நடுவில் அந்தச் சாடிகளைக் கிழக்குச் சுவரோரமோ மாமர நிழலுக்கோ நகர்த்திவிட்டு, ஆவணி முடியத் திரும்பக் கொண்டு வாருங்கள். நகர்த்த முடியாத சாடிகளுக்கு வடமேற்கு மூலையில் கிடுகு மறைப்பு ஒன்று கட்டினால் போதும்.

அடுத்தது குமிழ் பற்றியது. குளிரால் உறங்கி எழும் குமிழை நம் ஊருக்குக் கொண்டு வந்து துன்பப்படுவதை விட, வறட்சியால் உறங்கி ஈரத்தால் விழிக்கும் குமிழைத் தேர்ந்தெடுப்பதே சரி. குளிரை நாம் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும். வறட்சியை வாளியைக் கீழே வைத்து உண்டாக்கலாம். பெரிய எக்காளம் போலப் பூக்கும் சிவப்பு லில்லி, அதாவது ஹிப்பியாஸ்ட்ரம், நம் ஊர் வீடுகள் பலவற்றின் கிணற்றடியில் நிற்கிறது. உங்களிடம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். சிறு பூக்கள் விடும் மழை லில்லியும் அப்படித்தான்: மூன்று நான்கு கிழமை காய விட்டு, ஒரே நாளில் சாடி நிரம்ப நீர் ஊற்றினால், சில நாட்களில் மொட்டு வரும். சிவந்த பந்து போலப் பூக்கும் லில்லி சித்திரை, வைகாசியில் தன் பாட்டில் எழும்பும்; அது அரை நிழலிலேயே நன்றாக இருக்கும்.

முழு நிழலான மூலைகளுக்குப் பூவை விட இலை நிறமே நம்பகமானது என்பது என் கருத்து. கலேடியம் கிழங்கை மாசி தொடக்கத்தில் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், பங்குனி முடியும்போது வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இலை விரிந்திருக்கும். பூதான் வேண்டுமென்றால் காசித்தும்பை இருக்கிறது. அதை நாற்று மேடைக்காரர்கள் மதிப்பதில்லை. ஆனால் விதை போட்டு 60 முதல் 70 நாட்களில் பூக்கிற, காலை வெளிச்சம் மட்டுமே கேட்கிற செடி வேறெங்கே கிடைக்கும்? பெப்ரவரி முதல் கிழமை விதைத்தால் வருடப்பிறப்புக்குச் சரியாக வரும்.

கார்த்திகைப் பூவை யாராவது பரிந்துரைத்தால், அது மாரிக்காலத்துப் பூ என்பதையும், அதன் கிழங்கு உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு என்பதையும் நினைவில் வையுங்கள். மிஞ்சிய டியூலிப் குமிழ்களையும் மரக்கறித் தட்டிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். வெங்காயம் என்று எண்ணி யாரேனும் சமைத்துவிட்டால் ஆபத்து.

பதில் (நிலாவெளியிலிருந்து)

கடற்கரையை ஒட்டி இருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாடியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது கிணற்று நீரின் உவர். தென்னந்தும்பிலும் உப்பு இருக்கும். அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். மழை நீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து, மாதம் ஒரு முறை அடித்துளையால் வழிந்தோடும் வரை சாடிக்கு ஊற்றுங்கள். சாடிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் என் நன்றி. ஈர்க்கு ஒன்றை நட்டு நிழல் விழும் பக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது அது வடக்கே விழுகிறது. கிணற்றடியில் ஆறு சிவப்பு லில்லிகள் சாடிகளில் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுகளாக இலை மட்டுமே தழைக்கிறது, பூவே இல்லை. அவை பூக்குமா, ஐயா?

பதில் (உவர்மலை, திருகோணமலை)

இலை இருப்பது நல்ல அறிகுறி, அம்மா. அந்தக் குமிழ் ஏறத்தாழ நான்கு இலைக்கு ஒரு மொட்டு என்ற கணக்கில் உள்ளே மொட்டைக் கட்டிக்கொண்டே வரும். கிணற்றடி ஈரம் ஓயாததால் அது உறங்கவும் இல்லை. உறங்காததால் விழிக்கவும் இல்லை. ஆழமாகப் புதைந்திருந்தாலும் இதே நிலைதான். குமிழின் கழுத்தும் மேற்பகுதி மூன்றில் ஒன்றும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும்.

இன்றே ஆறு சாடிகளையும் மழை படாத இடத்துக்கு எடுத்துச் சென்று நீரை முற்றாக நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிக் காய்ந்து விழும் வரை வெட்ட வேண்டாம். அதிலுள்ள சத்து குமிழுக்குள் இறங்க வேண்டும். எட்டுக் கிழமை கழித்து, மார்ச் முதல் கிழமையில், மேல் மண்ணை மாற்றி, ஒரு தடவை நன்றாக நனைத்து, முளை தெரியும் வரை அளவாக ஊற்றுங்கள். ஐந்து சென்ரிமீற்றர் குறுக்களவுக்குக் குறைந்த குமிழ்கள் இவ்வாண்டு பூக்காமல் போகலாம். பூத்து முடிந்தபின் அவற்றை நிழலில் வைத்திருக்காமல் காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றினால்தான் அடுத்த ஆண்டுக்கு உள்ளே மொட்டு கட்டும்.

கேட்டவரின் பதில் (மார்ச் கடைசிக் கிழமை)

ஐயா, ஆறில் நான்கு சாடிகளில், குமிழின் கழுத்தோரமாக, கிளியின் மூக்கைப் போல வளைந்து தட்டையாக ஒன்று எழும்பியிருக்கிறது. இலை முளை இவ்வளவு தடிப்பாக இராது என்று அம்மா சொல்கிறார். ஒன்று சுட்டுவிரல் நீளத்துக்கு வந்து முற்றத்துப் பக்கம் சாய்கிறது. காசித்தும்பையிலும் இலைக் கக்கத்தில் மொட்டு தெரிகிறது.

பதில் (உவர்மலை, திருகோணமலை)

உங்கள் அம்மா சொல்வதே சரி, அது பூந்தண்டு. வெளிச்சத்தைத் தேடிச் சாய்கிறது. நாளுக்கு ஒரு முறை சாடியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். தண்டு ஒரு முழத்தை எட்டியதும் ஈர்க்குக் கட்டு ஒன்றை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுங்கள். குமிழின் கழுத்துக்குள் நீர் ஊற்றாமல், சாடியின் ஓரமாகவே ஊற்றுங்கள்.