மாத்திரைகளுக்கு இடையே நேர இடைவெளி விட்டால் போதுமா?

கேள்வி

வணக்கம். 71 வயதான என் தந்தை, இரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரையையும், தைராய்டு குறைபாட்டுக்காக லெவோதைராக்சினையும் பல ஆண்டுகளாக உட்கொண்டு வருகிறார். மூட்டுவலிக்காக இரண்டு மாதங்களுக்கு முன் பார்த்த வேறொரு மருத்துவர், பழைய மருந்துச் சீட்டைக் கேட்காமலேயே கால்சியம் மாத்திரையும் இபுப்ரோஃபெனும் எழுதிக் கொடுத்துள்ளார். இப்போது எல்லாவற்றையும் காலையில் ஒன்றாகவே விழுங்குகிறார். சில மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதுமா?

பதில் 1

ஒரு ஜோடிக்குப் போதும், மற்றதற்குப் போதாது.

கால்சியம் குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்துக்கொண்டு, அது இரத்தத்தில் சேராமல் தடுத்துவிடுகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் இதையே செய்யும். ஆகவே லெவோதைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, கால்சியத்தை 4 மணி நேரமாவது தள்ளிக் கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இபுப்ரோஃபென் கதை வேறு. சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்குழாயை விரிந்த நிலையில் வைத்திருக்க உதவும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற, உடலே சுரக்கும் வேதிப்பொருட்களின் உற்பத்தியை அது தடுக்கிறது. டெல்மிசார்ட்டான், இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. அதே மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதையசைடோ உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. மூன்றும் சேரும்போது வடிகட்டத் தேவையான அழுத்தமே குறைந்து, சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடலில் நீர் வற்றும் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தாலும் இது மாறாது, ஏனெனில் டெல்மிசார்ட்டானின் வேலை ஒரு நாள் முழுவதும் நீடிக்கிறது.

பதில் 2

மேலே சொல்லப்பட்டதை அப்படியே ஏற்கிறேன். இபுப்ரோஃபென் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடக்கூடும் என்பதால், அழுத்த மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்று தவறாக எண்ணி அதன் அளவைக் கூட்டிவிடும் நிலையும் வருவதுண்டு. அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை எழுதிய மருத்துவரிடம் இந்த வாரமே எல்லா அட்டைகளையும் எடுத்துச் சென்று, பாராசிட்டமாலோ மேலே தடவும் வலிநிவாரணியோ போதுமா என்றும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். அட்டையில் வணிகப் பெயரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். பாராசிட்டமாலுடன் இபுப்ரோஃபென் கலந்த மாத்திரைகளும் உண்டு, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, படிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சென்ற வாரப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது கூடும்) அளவு முன்பைவிடக் கூடியிருந்ததால், லெவோதைராக்சின் அளவை உயர்த்தலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கால்சியம் சாப்பிடுவதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

பதில் 1

அதை முதலில் சொல்லிவிடுங்கள். மருந்து போதாமல் அல்ல, உடலில் சேராமலே டிஎஸ்எச் ஏறியிருக்கலாம். அப்படியானால், இடைவெளியைச் சரிசெய்து 6 முதல் 8 வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதித்த பிறகு அளவை முடிவு செய்யலாம் என்று அவரே கூறக்கூடும்.