ஆலமரத்து வீடு குழு: மாயர் நாட்காட்டியும் நிலாவின் பிறந்த நாளும்

சுந்தரம், மாலை 5:40
நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தியை மேலே பகிர்ந்திருக்கிறேன். 2012-இல் உலகம் அழியும் என்று நடு அமெரிக்காவின் பழைய மக்களினமான மாயர்கள் கணித்திருந்தார்கள் என்றும், அவர்களுடைய பிரமிடுகளைக் கட்டியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். நிலா பள்ளியில் மாயர்களைப் பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாள். இது அவளுக்குப் பயன்படுமா, அண்ணா?

இராசேந்திரன், மாலை 5:58
வேண்டாம், சுந்தரம். அந்தச் செய்தியில் உள்ள இரண்டுமே தவறானவை. ஒரு பெரிய மக்களினத்தின் உழைப்பை அவர்களிடமிருந்து பறிப்பவை. மாயர்களின் நீள்கணக்கு நாட்காட்டி, கி.மு. 3114 ஆகஸ்ட் 11-ஐத் தொடக்கமாகக் கொண்டு கடந்துபோன ஒவ்வொரு நாளையும் எண்ணுவது. 20 நாள் ஒரு வினால், 18 வினால் சேர்ந்த 360 நாள் ஒரு துன், 20 துன் ஒரு கதுன், 20 கதுன் ஒரு பக்துன். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கணக்கின்படி 2012 டிசம்பர் 21 அன்று 13 பக்துன்கள் நிறைந்தன. நடந்தது அவ்வளவுதான், மறுநாளும் எண்ணிக்கை தொடர்ந்தது.

அவர்களிடம் 260 நாள் சடங்கு நாட்காட்டியும் 365 நாள் ஆண்டும் தனித்தனியே இருந்தன. இரண்டும் தொடங்கிய இடத்திலேயே மீண்டும் ஒன்றுசேர 52 ஆண்டுகள் ஆகும். மெக்சிகோவின் பலெங்கேயில் பக்கால் என்ற அரசரின் கல்லறையைத் தாங்கி நிற்கும் கோயிலில், அவர் 615-இல் அரியணை ஏறிய நாளிலிருந்து இத்தகைய 80 சுற்றுகள் கடந்து வரும் நாளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது கி.பி. 4772-இல் வருகிறது. உலகம் 2012-இல் முடியும் என்று நம்பியவர்கள் அப்படி ஒரு நாளைக் குறித்திருக்க மாட்டார்கள்.

தேன்மொழி, மாலை 6:05
பெரிய மாமா, இதை அன்றே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். அந்த டிசம்பரில் நிலா என் வயிற்றில் நிறைமாதக் குழந்தையாக இருந்தாள். ஒரு தொலைக்காட்சியில் உலகம் அழிவதாக இரவெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பொய் என்று அறிவுக்குத் தெரிந்தாலும், 21-ஆம் தேதி விடியும்வரை நான் கண்மூடவில்லை.

இளங்கோ, மாலை 6:14
கட்டுமானத்தைப் பற்றி ஒரு பொறியாளனாக நான் சொல்கிறேன், அப்பா. மாயர்கள் நகரங்களை எழுப்பிய காலத்தில் அவர்களிடம் இரும்புக் கருவிகள் இல்லை, பாரம் இழுக்க விலங்குகள் இல்லை, வண்டிகளும் இல்லை. ஆனால் காலடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தது. அதைக் கடினமான கல் உளிகளால் வெட்டினார்கள். விறகடுக்கி அதே பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் காரையாகப் பூசினார்கள். ஒரு பிரமிடுக்குள் அதைவிடப் பழைய, சிறிய பிரமிடு புதைந்திருப்பதை அகழாய்வாளர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். தாத்தா கட்டியதன்மேல் பேரன் கட்டியிருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வடக்குக் குவாத்தமாலாக் காட்டின்மேல் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில் வீடுகள், சாலைகள், அரண்கள், பாசன வாய்க்கால்கள் என்று 60,000-க்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரியவந்ததாக 2018-இல் அறிவித்தார்கள். அத்தனையும் மனிதக் கைகள் செய்த வேலை.

வளர்மதி, மாலை 6:20
அண்ணா, நம் மயன்தான் அங்கே போய் அந்த நாகரிகத்தை உருவாக்கினார், அதனால்தான் மாயர் என்ற பெயர் வந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேனே?

இராசேந்திரன், மாலை 6:29
அது ஒலி ஒற்றுமை மட்டுமே, வளர்மதி. மெக்சிகோவின் யுகத்தான் தீபகற்பத்தில் மாயப்பான் என்ற நகரம் இருந்தது. மாயா என்ற பெயர் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. கிச்சே, சோல், யுகத்தேக் என அவர்கள் பேசும் ஏறத்தாழ 30 மொழிகளும் தனிக் குடும்பம். அதற்கும் தமிழுக்கும் உறவு இல்லை. நமக்குப் பெருமை வேண்டுமானால் நம் முன்னோர் செய்ததிலேயே நிறைய இருக்கிறது.

நிலா, மாலை 6:33
பெரிய தாத்தா, அவர்கள் எப்படி எழுதினார்கள்? அந்தப் புத்தகங்களை நாம் படிக்க முடியுமா?

இராசேந்திரன், மாலை 6:51
முடியும், கண்ணு. ஆனால் மிஞ்சியவை நான்கே நான்கு. அத்திமர இனத்தின் உள்பட்டையை இடித்துத் தாளாக்கி, சுண்ணம் பூசி, விசிறிபோல் மடித்து வண்ணத்தால் எழுதிய நூல்கள் அவை. 1562 ஜூலையில் யுகத்தானின் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார், பேய்களின் பொய்கள் என்று சொல்லி அந்த மக்களின் நூல்களைத் தீயிலிட்டார். அவர்கள் அதற்காகப் பெரிதும் துயருற்றார்கள் என்று எழுதி வைத்தவரும் அவரே. ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியும், அந்த இடம் வரும்போது என் குரல் ஒருநாளும் சரியாக நின்றதில்லை.

அதே லாந்தா எழுதிய குறிப்பில் மாய எழுத்துகள் சிலவும் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு 1952-இல் சோவியத் அறிஞர் யூரி குனோரோசோவ், அந்த எழுத்துகளில் பல அசைகளைக் குறிப்பவை என்று காட்டினார். இன்று பெரும்பாலான கல்வெட்டுகளைப் படிக்க முடிகிறது.

எஞ்சிய நான்கில் ஒன்று ஜெர்மனியின் திரெஸ்தென் நகரில் இருக்கிறது. வெள்ளி ஒருமுறை விடிவெள்ளியாகத் தோன்றியதிலிருந்து மறுமுறை அப்படித் தோன்றும்வரை 584 நாள் என்று அதில் குறித்திருக்கிறார்கள். இன்றைய கருவிகள் காட்டும் சராசரி 583.92. தொலைநோக்கி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஒருவர் குறித்ததை அடுத்தவர் சரிபார்த்துக் கண்ட எண் அது. இப்படிப்பட்ட ஐந்து சுற்றுகள் எட்டு ஆண்டுகளுக்குச் சமம்: 2,920 நாள். அதை அவர்கள் வெறும் கணக்காகப் பார்க்கவில்லை. வெள்ளி எழும் நாள் ஆபத்தானது என்று நம்பினார்கள். அந்தப் பக்கங்களில் வெள்ளித் தெய்வம் ஈட்டியோடு நிற்க, கீழே குத்துண்டவர்கள் கிடக்கிறார்கள்.

நிலா, மாலை 6:55
அவர்கள் நரபலி கொடுத்ததாக ஆசிரியை சொன்னார். அதையும் எழுதலாமா?

இராசேந்திரன், இரவு 7:08
எழுத வேண்டும். சிச்சென் இட்சா என்ற மாய நகரின் புனிதக் கிணற்றிலிருந்து மனித எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். அரச குடும்பத்தினர் தங்கள் இரத்தத்தையும் சிந்தினார்கள். யாஸ்சிலான் என்ற மற்றொரு நகரில் கிடைத்த ஒரு கற்பலகையில், ஓர் அரசி முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் வழியே இழுக்கிறாள்; அவளுடைய ஆடையின் நெசவுகூடக் கல்லில் தெரிகிறது. தெய்வங்கள் மனிதரைப் படைத்ததற்கு ஈடாகத் தாங்கள் திருப்பித் தரவேண்டிய கடன் என்று அவர்கள் கருதினார்கள். அதை நாம் ஏற்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது.

அந்தப் படைப்பின் கதை கிச்சே மக்களின் பொபோல் வூ நூலில் இருக்கிறது. முதலில் மண்ணால் செய்த மனிதர் கரைந்துபோனார்கள். அடுத்து மரத்தால் செய்தார்கள்; அவர்களுக்கு இதயமும் இல்லை, படைத்தவர் நினைவும் இல்லை. வெள்ளம் வந்தபோது, அவர்கள் வீட்டு அம்மியும் பானையும் நாய்களும் எழுந்து, எங்களை எவ்வளவு வதைத்தீர்கள் என்று கேட்டு அவர்களையே தாக்கின. கடைசியில் மஞ்சள் சோளத்தாலும் வெள்ளைச் சோளத்தாலும் செய்தவர்கள்தான் இன்றைய மனிதர்கள்.

வளர்மதி, இரவு 7:15
அம்மி எழுந்து கேட்டது என்பதைப் படித்ததும் நம் அம்மாவின் நினைவு வந்துவிட்டது, அண்ணா. அரைத்து முடித்ததும் அம்மியைக் கழுவித் துடைக்காமல் அம்மா எழுந்ததே இல்லை. அந்தச் சோளம் நாம் சொல்லும் மக்காச்சோளம்தானே?

இராசேந்திரன், இரவு 7:22
ஆம். அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். அப்போதுதான் அதில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலில் சேரும். இந்த முறையை அறியாமல் மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துச்சென்று அதையே முதன்மை உணவாக்கிக்கொண்ட ஐரோப்பிய ஏழைகள், நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயால் மடிந்தார்கள். பிரமிடைவிட இந்தச் சமையலறை அறிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நிலா, இரவு 7:50
பெரிய தாத்தா, கூடத்துத் தரையில் அவர்களுடைய எண்ணை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக் குறிக்கும் புள்ளிக்குப் புளியங்கொட்டை, ஐந்தைக் குறிக்கும் கோட்டுக்கு ஈர்க்குச்சி, சுழியத்துக்குச் சோழி வைத்தேன். அவர்களும் சுழியத்துக்குச் சிப்பி வடிவத்தைத்தான் வரைந்தார்களாம். நான் பிறந்தது 2013 ஜனவரி 10. டிசம்பர் 21-இலிருந்து சரியாக 20 நாள். அதனால் மேலிருந்து கீழாகப் பக்துன், கதுன், துன், வினால், நாள் என்ற வரிசையில் 13, 0, 0, 1, 0 என்று வைத்தேன். சரியா?

இராசேந்திரன், இரவு 7:58
மிகச் சரி. மேலே இரண்டு ஈர்க்குச்சியும் மூன்று புளியங்கொட்டையும், அதன் கீழே இரண்டு சோழி, பிறகு ஒரு புளியங்கொட்டை, மீண்டும் ஒரு சோழி. அந்த ஒற்றைக் கொட்டை ஒரு வினாலைக் குறிக்கிறது. 260 நாள் கணக்கில் 1 முதல் 13 வரையிலான எண்ணும் 20 நாட்பெயர்களும் சேர்ந்து சுழலும்; அந்தப் பெயர்களில் ஒன்று அஹாவ். டிசம்பர் 21 என்பது 4 அஹாவ்; உன் நாள் 11 அஹாவ். குவாத்தமாலாவின் மலையூர்களில் நாள்காப்பாளர்கள் அந்த எண்ணிக்கையை இன்றும் விடாமல் எண்ணிவருகிறார்கள். 260 நாள் என்பது தாய் பிள்ளையைச் சுமக்கும் காலத்தோடு ஒட்டியது என்றும் அங்கே சொல்வார்கள்.

தேன்மொழி, இரவு 8:03
நிலா, நான் பெருக்க வரமாட்டேன். அதை எடுத்துவிடாமல் அப்படியே வைத்திரு. அப்பா வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.