பரண் கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவந்த அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

செங்கோட்டையிலிருந்து:

1995-ல் அண்ணன் கல்யாணம். பெண் வீடு புனலூர். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மீட்டர் கேஜ் ரயிலில்தான் போனோம். வீடியோக்காரர் வழியெல்லாம் எடுத்துக்கொண்டே வந்தார். அப்பா 2003-ல் காலமானார். அந்த ரயிலும் 2010 செப்டம்பரில் நின்றது. அகலப் பாதை போட்டு மறுபடி முழுவதும் ஓட 2018 ஆகிவிட்டது. அப்பாவின் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு விஎச்எஸ் வீடியோ கேசட்டில் மட்டும்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கணினிப் பக்கத்து வேலை இரண்டு சாயங்காலம்தான். கேசட்டையும், அதை ஓட்டுகிற டெக்கையும் (விசிஆர்) சரிசெய்யத்தான் எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அவசரப்பட்டு முதல் நாளே கேசட்டை உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் ஊர்ச் சாரல் தெரியுமல்லவா, ஆனி ஆடியில் பரணில் கிடக்கிற எதையும் விடாது. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், சுருளின் ஓரத்தில் திருநீறு தூவின மாதிரி வெள்ளையாக இருந்தது. தூசி என்றுதான் நினைத்தேன். டெக் எங்களிடம் இல்லை. அண்ணியின் சித்தப்பா வளைகுடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஒன்று புனலூரில் கிடந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு அங்கேயே ஒரு பழைய டிவி மெக்கானிக்கிடம் போனேன். கேசட்டை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"சாரே, இது பூப்பல். இப்படியே மெஷின்ல இட்டா ஹெட்டும் போகும், நாடாவும் போகும்."

"கழுவ முடியுமா சேட்டா?"

"கழுவறது இல்ல, தொடைக்கணும். கொஞ்சம் க்ஷமை வேணும்."

பூப்பல் என்றால் நம் பூஞ்சைதான், க்ஷமை என்றால் பொறுமை. ஹெட் என்பது டெக்குக்குள் நாடாவைப் படிக்கிற முனை. அவர் சொன்னபடி வீட்டு முற்றத்தில், முகமூடி கட்டிக்கொண்டு செய்தோம். கேசட்டின் அடியில் ஐந்து திருகாணி. கழற்றி, சுருள் இரண்டையும் சுத்தமான வேறொரு கூட்டுக்குள் மாற்றினோம். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த, இழை பிரியாத துணியை நாடாவின் இருபுறமும் நான் பிடித்துக்கொள்ள, அண்ணன் சுருளைக் கையால் சுற்றினான். மூன்று மணி நேரக் கேசட்டில் 250 மீட்டருக்கு மேல் நாடா இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது.

டெக்கைத் திறந்தால், உள்ளே பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. தொட்ட விரலில் ஒட்டிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. பெல்ட் மாற்றியபின் ஹெட்டைத் துடைத்துக் காட்டினார் மெக்கானிக். ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளை, ஹெட் இருக்கிற உருளையின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் உருளையை மெல்லச் சுழற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, அதன் இழை போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் வேண்டாத ஒரு கேசட்டை முழுதாக ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் கேசட்டைப் போட்டோம்.

சரி, இணைப்புக்கு வருகிறேன். டெக்கின் பின்னால் மஞ்சள் துளை படத்துக்கு, வெள்ளைத் துளை சத்தத்துக்கு. எங்களுடையது மோனோ, சிவப்புக்குத் துளையே கிடையாது. கணினிப் பக்கம் ஒரு யுஎஸ்பி கேப்சர் டாங்கிள், அதாவது டெக்கிலிருந்து வருகிற படத்தைக் கணினிக்குள் ஏற்றுகிற சின்னக் கருவி. முதல் நாள் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே இருந்தது. பார்த்தால் மென்பொருளில் என்டிஎஸ்சி என்ற வேறு டிவி முறை இருந்தது. நம் ஊர் கேசட்டெல்லாம் பேல் (PAL) முறை. மாற்றியதும் படம் நின்றது, அண்ணியின் புடவை அரக்குச் சிவப்பாகத் தெரிந்தது.

அதற்கடுத்த தொல்லை, அரைமணி நேரம் போனதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டாங்கிளைப் பல துளை உள்ள யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருந்ததால் இடையிடையே ஃப்ரேம் விட்டுப்போயிருக்கிறது. நேராகக் கணினியின் பின்புறத் துளையில் மாட்டியதும் சரியானது. விர்ச்சுவல்டப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால், எத்தனை ஃப்ரேம் விட்டுப்போனது என்று ஓடும்போதே காட்டும். 720-க்கு 576 அளவு, நொடிக்கு 25 ஃப்ரேம், தரம் குறையாமல் சுருக்குகிற ஹஃப்யூவ் முறை. மணிக்கு ஏறக்குறைய 30 ஜிபி கேட்கும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கை கால் அசையும் இடங்களில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். பதிவில் அதை அப்படியே விடுங்கள். சிறிய கோப்பாக மாற்றும்போது நீக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, எதையும் வெட்டாமல் முழுசாகப் பிடியுங்கள். பகவதிபுரம் தாண்டி ரயில் குகைக்குள் நுழைகிறது. திரை முழுக்கக் கறுப்பு. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துகிறார்கள். அதற்கு நடுவில் அப்பா, "ஏலே, கைய உள்ள வைங்கல." படமே இல்லாத அந்த இடத்தை அம்மா மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

என்னுடையது ஹேண்டிகேம், அதில் போடுகிற சின்ன மினிடிவி (MiniDV) கேசட். இது வைத்திருப்பவர்கள் மஞ்சள் வயர் பக்கமே போகாதீர்கள். நாடாவில் இருப்பதே டிஜிட்டல் பதிவு. கேமராவையும் கணினியையும் இணைக்கிற ஃபயர்வயர் வழியாக எடுத்தால் உள்ளது உள்ளபடி கணினிக்கு நகலாகும், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி போல வரும். மஞ்சள் வயரில் எடுத்தால் அதை அனலாக்காக்கி மறுபடி டிஜிட்டலாக்கி, தரம் வீணாகிறது. கேமராவில் யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று நானும் ஏமாந்தேன். என் மாடலில் அது ஃபோட்டோவுக்கு மட்டும்தான். இப்போதைய லேப்டாப்பில் ஃபயர்வயர் இல்லாததால், பாலக்காட்டில் ஒரு பழைய கணினியும் அதற்கான கார்டும் தேடி வாங்கினேன். மென்பொருள் வின்டிவி (WinDV), மிகச் சிறியது. பொள்ளாச்சிச் சந்தையில் தாத்தா மாட்டுக்கு விலை பேசினது முழுதாகக் கிடைத்தது. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிற பேச்சு அது, வாய் திறக்கவே மாட்டார்கள். அதை என் பையனுக்குக் காட்ட முடிந்தது.

களியக்காவிளையிலிருந்து:

செங்கோட்டைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், எனக்கு நேர்ந்தது இது. எங்க வீட்டுக்காரர் 1989-ல் சார்ஜாவில் இருந்தார். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் வீடியோ கேசட்டே வரும். அங்கே அவரும் கூட்டாளிகளும் அறையில் உட்கார்ந்து பேசியதைப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே மாமி, அதாவது அவருடைய அம்மா, டெக் இருக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

போன வருஷம் அதைக் கணினியில் ஏற்றினேன். டெக்கில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. பிளே என்று நினைத்து அழுத்தினேன், அது ரெக்கார்டு. சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்துவதற்குள் நாற்பது நொடி போயிற்று. அதில்தான் அவர் மாமியை அம்மா என்று கூப்பிட்டு நலம் கேட்கிற தொடக்கம் இருந்தது. ஒரு பூனை மாதிரி சத்தமில்லாமல் அழிந்துபோனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "மிச்சத்தை எடு" என்றார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

கேசட்டின் முதுகில், இடது ஓரத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். டெக்கில் வைப்பதற்கு முன்னாலேயே அதை ஒடித்துவிடுங்கள். அப்புறம் ரெக்கார்டை அழுத்தினாலும் பதியாது. ஏற்கெனவே ஒடித்த கேசட்டில் அந்த ஓட்டையின் மேல் யாராவது செல்லோ டேப் ஒட்டியிருந்தால் அதையும் பிய்த்துவிடுங்கள்.

டெக் இப்போது நன்றாக ஓடுகிறது. பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது கேசட் இருந்தால் துடைத்துக்கொண்டு வாருங்கள், எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம். தகட்டை நானே ஒடித்துத் தருகிறேன்.