டிராக்டர் எஞ்சினில் 'டக் டக்' ஒலி: நாசிலா, பேரிங்கா?

கேள்வி: எங்கள் மூன்று சிலிண்டர் டிராக்டரில் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கிறது, எஞ்சின் சூடான பிறகும் குறையவில்லை, வெண்புகையும் வருகிறது. எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்கு முன் நாமே சோதிக்க வழியுண்டா?

பதில் 1: இறக்குவதற்கு அவசரப்பட வேண்டாம், ஐயா. எஞ்சின் ஐடிலில் (சுமையின்றி மெதுவாக) ஓடும்போது, சிலிண்டர்களுக்கு டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, டீசல் கசிந்ததும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது ஒலி மறைகிறதோ, அந்த சிலிண்டரின் நாசில் (டீசலைத் தூவும் முனை) டீசலைப் புகைபோலத் தூவாமல் ஒழுகவிடுகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒலி மாறாவிட்டால் டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளியைப் பாருங்கள்.

பதில் 2: இதில் ஒரு திருத்தம் தேவை. பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்தில் உள்ளது) தேய்ந்திருந்தாலும், நட்டைத் தளர்த்தி அந்த சிலிண்டரை நிறுத்தும்போது ஒலி குறையும். ஆனால் அது கனத்த ஒலி. கலப்பையை இறக்கிச் சுமை ஏறும்போது கூடும், ஆயில் பிரஷரும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

பதில் 3: காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதன் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பழைய வகை பம்பிலும் கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

கேட்டவர்: எங்களுடையது பழைய வகை பம்ப்தான். இரண்டாவது நட்டைத் தளர்த்தியதும் ஒலி நின்றது, ஆயில் பிரஷர் சரியாக இருக்கிறது. நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்திருக்கிறேன்.